ஸ்ட்ரெதம் நேயருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து

நடந்தது இந்த வரிசையில்:

1. ஒரு ஞாயிறு மதியம் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு, கோலியர்ஸ் வுட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இயங்கும் தமிழ் இணைய வானொலியில், ஸ்ட்ரெதமில் காலமான ஒருவரின் குடும்பம் கொடுத்த நன்றி நவிலல் வாசிக்கப்பட்டது. அவர் இறந்து அன்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு.

2. அதைக் கேட்பதற்காக, அந்தியேட்டிச் சாப்பாடு நடந்த மண்டபத்தில் வானொலியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

3. நன்றி நவிலல் முடிந்தது. வானொலியை நிறுத்த வேண்டியவர் பாயாசம் பரிமாறப் போய்விட்டார்.

4. இரண்டு மணிக்கு என் மாமாவின் நிகழ்ச்சி தொடங்கியது.

5. இரண்டு இருபத்திரண்டுக்கு மாமா, "ஸ்ட்ரெதம் நேயர்" என்று பெயர்பெற்ற ஒருவருக்கு அறுபத்தெட்டாவது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, நூறு வயது வரை நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்றார்.

6. காலமானவர் தொலைபேசியில் வந்து நன்றி சொன்னார்.

7. அவர் கேட்ட பாட்டுப் போனது.

8. அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவள் நான்.

எட்டாவதற்கு விளக்கம் தேவை.

ரயில் சமிக்ஞைகளை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்ப்பேன். பட்டியலில் இல்லாத தவறு நடந்தால் அது என் பொறுப்பு. இதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா என் அம்மாவின் தமையன். குரொய்டன் பக்கம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து மூன்று வரை அவருடைய நேரம். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் போடுவது அமெரிக்காவின் பழைய கன்ட்ரி பாட்டுகள். தெரியாதவர்களுக்கு: ஒரு ஆண், ஒரு கிட்டார், ஏதோ ஒன்று போய்விட்டது. மனைவி, ரயில், குதிரை, சிலசமயம் மூன்றும்.

யாழ்ப்பாணத்தில் அவர் வேலை பழகிய சைக்கிள் கடையில், கொழும்பிலிருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பை நாள் முழுக்கப் போட்டுவைப்பார்களாம். அவருடைய ஆங்கிலம் முழுவதும் அங்கே கற்றது. எண்பதுகளில் அகதியாக ஹீத்ரோவில் இறங்கியபோது, எதற்காக வந்தாய் என்று அதிகாரி கேட்டார். தான் வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாகவும், திரும்பிப் போக வழி இல்லை என்றும் மாமா பதில் சொன்னார். இரண்டும் பாட்டிலிருந்து எடுத்த வரிகள். இரண்டும் உண்மையாகவும் இருந்தன.

சின்ன வயதில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் காரில் கூட்டிப்போவார். காரில் கசெட் ஓடும். பாடுகிறவர்கள் எல்லோரும் மாமாவின் பழைய சிநேகிதர்கள் என்று ஏழு வயது வரை நினைத்திருந்தேன். அவர் பேசுவதும் அப்படித்தான் இருக்கும். "இவன் பாவம், கடைசி வரைக்கும் குடியை விடேல்லை." "இவனுக்கு மூண்டு கலியாணம், ஒண்டும் சரிவரேல்லை." தமிழர் எல்லோரும் இந்தப் பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள் என்ற எண்ணம் பல்கலைக்கழகம் போகும்வரை எனக்கு இருந்தது. அங்கே சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைக் கவலையோடு பார்த்தாள்.

நிகழ்ச்சி வெறும் பாட்டு அல்ல. அந்தக் காலத்து வானொலிக் கதம்பம் எப்படி இருந்ததோ அப்படியே அதை வைத்திருந்தார். முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு ஒரு பகிடி. பிறகு பத்து நிமிடக் குடும்ப நாடகம். கணவன், மனைவி, பஸ் பரிசோதகர் மூவரும் மாமாவே. கடைசி வரை நடுநடுவே ஒரு சவர்க்கார விளம்பரம். அப்படி ஒரு சவர்க்காரம் உலகில் இல்லை. விளம்பரம் இல்லாத கதம்பம் கதம்பமே அல்ல என்பதால் அவராகவே உண்டாக்கினார். ஒரு நேயர் டூட்டிங்கில் கடை கடையாக ஏறி அதைக் கேட்டிருக்கிறார். நாடகம் முடிந்து பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் விருப்பமும். பெருந்தொற்றுக் காலத்திலிருந்து இதையெல்லாம் தன் வீட்டுச் சின்ன அறையிலிருந்தே செய்தார். மைக், கணினி, இணைப்பு எல்லாம் என் பொறுப்பு.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருடைய குரல்நாணில் ஒரு கட்டி கண்டுபிடித்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். ஆனால் குரல் திரும்பவில்லை, காற்று மட்டும் வந்தது. இரண்டாவது முறையும் சிகிச்சை செய்து, மறுபடி சொல்லும்வரை ஒரு சத்தமும் கூடாது என்றார்கள். குசுகுசுப்பது இன்னும் மோசம் என்றார்கள். குரல் எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்கள்.

வெளியே சொல்லக் கூடாது என்று தீர்மானித்தவர் மாமி.

"வருத்தம் எண்டு கேள்விப்பட்டா சனம் ஒரேஞ்சுப் பையோட வந்து நிக்கும். வந்தா இந்த மனிசன் கதைக்காம இருக்குமோ? கல்லுக்கும் பகிடி சொல்லுற ஆள்."

மாமாவுக்கு வேறு காரணம் இருந்தது. நிகழ்ச்சிகள் நேரடியாகத்தான் நடக்க வேண்டும் என்பது வானொலியின் விதி. தொடர்ந்து வராதவரின் நேரம் வேறொருவருக்குப் போகும். வீட்டுக்கடன் ஆலோசனை சொல்லும் ஒருவர் ஒரு வருடமாக ஞாயிறு இரண்டு மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா சிறுவர்கள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகையில் எனக்கு எழுதிக் காட்டினார்: "நேரம் போனால் போனதுதான். பிறகு குரல் வந்து என்ன செய்ய?"

ஆகவே பழைய பதிவுகளை நேரடி நிகழ்ச்சி போல ஒலிபரப்பினோம். ஆறு வாரம் ஒரு சந்தேகமும் வரவில்லை. அதற்குக் காரணம் என் பட்டியல். போன வருடத்தின் அதே வாரத்துப் பதிவைத்தான் எடுப்பேன். அப்போதுதான் மழையும் திருவிழாவும் பொருந்தும். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன்: வானிலை, விளையாட்டு, பஸ் கட்டணம், பிரதமர். பொருந்தாததை வெட்டிவிடுவேன். வாழ்த்தப்படுகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்ற வரி பட்டியலில் இல்லை.

அதே வாரம் என்பதால்தான் அதே பிறந்தநாளும் வந்தது. வேறு எந்த வாரத்தை எடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

அந்த மனிதரின் மரணச் செய்தியை நானும் கேட்டிருந்தேன். அதில் அவருடைய முழுப் பெயரும் ஊரும் இருந்தன. நிகழ்ச்சியில் அவருக்குப் பெயரே கிடையாது. முன்பு வேலை நேரத்தில் ஒளித்து நின்று போன் எடுத்ததால், பெயர் சொல்லாதேயுங்கோ என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து அவர் ஸ்ட்ரெதம் நேயர். இரண்டும் ஒரே ஆள் என்பது மாமாவுக்கும் மாமிக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

மாமாவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் மறுநாளைய பதிவை அனுப்புவேன். அவர் கேட்டுவிட்டுப் பலகையில் "சரி" என்று எழுதுவார். இந்த முறையும் எழுதினார். எல்லாம் நடந்த பிறகு, அவர் எந்தெந்த இடங்களைக் கேட்டார் என்று காட்டும் கணினியின் பதிவுக்குறிப்பைத் திறந்து பார்த்தேன். எல்லா வாரமும் பாட்டுகளை மட்டும் கேட்டிருக்கிறார். தான் பேசுகிற இடங்களையெல்லாம் தாண்டிவிட்டிருக்கிறார்.

மண்டபத்தில் நடந்ததைச் சொன்னவர் மாமி. மாமாவுக்கும் சேர்த்து அவர்தான் அந்தியேட்டிக்குப் போயிருந்தார்.

"நான் வடையைக் கையில வச்சுக்கொண்டு நிண்டன். இவற்ற குரல் கேக்குது. சரி, நிகழ்ச்சிதானே எண்டு நினைச்சன். பிறகு பாத்தா அந்த மனிசன்ர குரல். 'வணக்கம் அண்ணை, நான் ஸ்ட்ரெதமிலயிருந்து. நல்லாக் கேக்குதோ?' எண்டு. கடிக்கவும் ஏலாது, வைக்கவும் ஏலாது."

"ஆக்கள் என்ன செய்தவை?"

"ஐயர் எழும்பிட்டார். எனக்குப் பக்கத்தில இருந்த கிழவன், 'அறுபத்தொன்பது எல்லே, பிழையாச் சொல்லுறான்' எண்டுது. மகன் ஓடிப்போய் ஸ்பீக்கரின்ர வயரைப் பிடுங்கினான். அது பற்றரியில ஓடுற ஸ்பீக்கர். மனிசன் தொடர்ந்து கதைக்குது."

"மனைவி?"

"அவ அசையேல்லை. முழுக்கக் கேட்டா. கேட்டிட்டு, 'வீட்டில என்னோட இந்த மனிசன் இவ்வளவு கதைச்சதில்லை' எண்டா."

மாமி வந்து இதைச் சொல்வதற்கு முன்பே, இரண்டு நாற்பதுக்கு, வானொலி நிர்வாகியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்துவிட்டது. நான் சின்ன அறையில் கணினிக்கு முன்னால் இருந்தேன். மாமா பக்கத்தில் பலகையோடு இருந்தார்.

"பிள்ளை, மாமாவுக்குச் சுகமில்லையோ? செத்த ஆளோட போனில கதைக்கிறார்."

"அப்படி ஒண்டும் இல்லை, அண்ணை."

"அவரிட்டக் குடும்."

"மாமா பாத்ரூமில."

"பாத்ரூமிலயோ? இப்ப சவர்க்கார விளம்பரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

சவர்க்காரத்தின் நுரை பற்றி மாமா சொல்வதை நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் கேட்டோம்.

பழைய கோப்பு என்று ஒத்துக்கொண்டேன். குரல் விஷயத்தைச் சொல்லவில்லை. நிர்வாகி நிதானமாக இரண்டு விஷயம் சொன்னார். காலமானவரின் மகன், மாமா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். அது மாமாவின் வாயால், நேரடியாக, அடுத்த ஞாயிறு வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த ஞாயிற்றிலிருந்து இரண்டு மணி வீட்டுக்கடனுக்கு.

நான் போனை வைத்ததும் மாமா பலகையில் எழுதினார்: "கதைக்கிறன்."

கூடாது என்று எழுதினேன். அவருக்குக் காது கேட்கும் என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாயாலும் சொன்னேன்.

எனக்கு ஒரு தொழில்நுட்பத் தீர்வு தோன்றியது. பதினொரு வருடப் பதிவுகள் என்னிடம் இருந்தன. மாமா இதுவரை பேசிய சொற்களிலிருந்து ஒரு மன்னிப்பைக் கோத்துவிடலாம். "மன்னிக்க வேணும்" நிறையக் கிடைத்தது. இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். "குடும்பத்தினர்" வாழ்த்துகளில் கிடைத்தது. "வருத்தம்" கிடைத்தது, ஆனால் ஒரு பகிடியின் நடுவில், சிரிப்போடு. மூன்று மாலை வேலை செய்தேன். முடிந்ததை இருவருக்கும் போட்டுக் காட்டினேன்.

மாமி முழுவதும் கேட்டார். "ரயில் பிந்தி வருது எண்டு ஸ்டேஷனில சொல்லுறது மாதிரி இருக்கு" என்றார். "நீ அங்க வேலை செய்யிறதாலயோ?"

மாமா பலகையை மடியில் வைத்தார். பிறகு கையை நீட்டிக் கணினியில் அந்தப் பதிவை அழித்தார். கணினியின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். அவருக்கு அது தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிறகுதான் எழுதினார்: "அவையின்ர வீட்டை போய்ச் சொல்லுவம். உடுப்பை மாத்து."

சொன்னால் நோய் வெளியே தெரியும், ஒரேஞ்சும் வரும், நிர்வாகிக்கும் தெரியும், நேரமும் போகும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே சப்பாத்தைக் காலில் மாட்டினார்.

வியாழன் பின்னேரம் ஸ்ட்ரெதமுக்குப் பஸ்ஸில் போனோம். பலகையை அவர் வைத்திருந்தார். இரண்டு மேலதிக மார்க்கர்களை நான் வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவன் மகன். முப்பது வயதிருக்கும். மாமாவைப் பார்த்ததும் ஆயத்தம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினான். "அங்கிள், அது எங்கட அப்பாவின்ர அந்தியேட்டி. நூறு பேருக்கு முன்னால. அம்மா அதில இருந்தவ. யூ நோ வட் தட்ஸ் லைக்?"

மாமா பலகையைத் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸிலேயே எழுதியிருந்தார்: "தம்பி, பிழை என்னுடையது. தொண்டையில ஒப்பரேஷன். பழைய பதிவு போட்டு ஏமாத்தினன். நான் அதைக் கேட்டுப் பாக்கேல்லை. மன்னிக்க வேணும்."

அவன் வாசித்தான். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ" என்று மிகவும் சத்தமாகச் சொன்னான். பேச முடியாதவரிடம் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள் என்பதை அந்த வாரங்களில் கவனித்திருந்தேன்.

காலமானவரின் மனைவி சோபாவில் இருந்தார். பலகையை வாங்கி வாசித்தார். துடைத்தார். மார்க்கரைக் கேட்டு வாங்கி, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று எழுதி மாமாவிடம் நீட்டினார். மாமா தலையாட்டினார். காது கேட்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். மகனும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் அந்த அம்மா வாய்விட்டுக் கேட்டார்.

"எத்தினை தரம் உங்களோட கதைச்சிருப்பார்?"

மாமா என்னைப் பார்த்தார். நேயர் அழைப்புகளின் அட்டவணை என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும்.

"மாசத்தில ரெண்டு மூண்டு தரமாவது வருவார், அன்ரி. எல்லாம் பதிவில இருக்கு. வேணுமெண்டா எடுத்துத் தரலாம்."

"என்ன கதைப்பார்?"

"பாட்டைப் பற்றித்தான். ஒரு தபால்காரன் ஊருக்கெல்லாம் கடிதம் குடுத்திட்டு, தனக்கு ஒண்டும் வரேல்லை எண்டு பாடுற பாட்டு. எப்பவும் அதுதான் கேப்பார்."

அந்த அம்மா தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "ஞாயிறுகளில ரெண்டு மணிக்கு அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துவார். நித்திரை கொள்ளுறார் எண்டு நினைச்சுக்கொண்டு நான் ரீவி சத்தத்தைக் குறைப்பன். இத்தினை வருசமும் குறைச்சிருக்கிறன்." பிறகு, "எனக்கு அது வேண்டாம், பிள்ளை. என்னோட கதைக்காததை நான் ஏன் கேக்க வேணும்?" என்றார்.

மாமா பலகையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே வரும்போது மகன் வாசற் படலை வரை வந்தான். "அக்கா, அந்த ஃபைல்ஸை எனக்கு அனுப்பேலுமோ? அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்."

அன்று இரவே அனுப்பினேன். நிர்வாகியிடம் தனக்கு இனி முறைப்பாடு இல்லை என்று அவன் சொன்னான். ஆனால் நேரடி நிகழ்ச்சி என்ற விதி அப்படியே இருந்தது. மாமாவின் குரல் பற்றிக் கேட்டதும் நிர்வாகி வருத்தப்பட்டார், உண்மையாகவே. அவர்தான் முதலாவது ஒரேஞ்சுப் பையோடு வந்தவர். வந்து, வீட்டுக்கடன்காரர் தயாராக இருப்பதையும் சொன்னார்.

"இந்த ஞாயிறு ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார்.

மாமா என்னைக் கையால் காட்டினார்.

நான் இதற்குமுன் மைக்கில் சொன்னது "ஒண்டு, ரெண்டு, மூண்டு" மட்டும். அந்த ஞாயிறு மாமா எழுதிக் கொடுத்த மன்னிப்பை முதலில் வாசித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பிறகு பகிடியை வாசித்தேன். சீழ்க்கை எனக்கு வராது. அதை அறிவித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். குடும்ப நாடகத்தில் கணவன், மனைவி, பரிசோதகர் மூவரும் ஒரே குரலில் பேசினார்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து விசாரித்திருந்தேன். "ஓம், இருக்கிறார், ஏன்?" என்று ஒரு அம்மா கேட்டார். காரணம் சொன்னேன். அவர் அதை விரும்பவில்லை.

மூன்று மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் தோர்ண்டன் ஹீத்திலிருந்தே ஒருவர் அழைத்தார். நேரடியாக ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நீங்கள் வாசிச்சது நாடகமோ, செய்தியோ?"

"நாடகம், அண்ணை."

"அப்ப பரிசோதகர் செத்துப்போட்டாரோ?"

"இல்லை, டிக்கெட் கேட்டவர்."

"சரி. பாட்டு நல்லம்."

மாமா பக்கத்தில் தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். சிரிப்பதும் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். நிற்கவில்லை.

இப்போதைய நிலை இது. மாமாவே நேரடியாகப் பேசாததால் வீட்டுக்கடன்காரருக்கு முதல் அரை மணித்தியாலம் போய்விட்டது. எங்களுக்கு இரண்டரையிலிருந்து மூன்று வரை. மாமாவுக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேச அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரு நாள் பேசாமல் மறுநாளைக்குச் சேர்த்துவைக்க முடியாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தையும் நிகழ்ச்சிக்கே வைத்துக்கொள்கிறார். குரல் தாழ்ந்து கரகரப்பாக இருக்கிறது. பழைய குரல் வராது என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லிவிட்டார். மனைவி பாத்திரத்தை மாமி எடுத்துக்கொண்டார். எழுதிக் கொடுப்பதை அவர் பார்ப்பதில்லை. மிச்சத்தை நான் வாசிக்கிறேன். முழு நேரத்தைத் திருப்பித் தரச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதத்துக்கு வானொலியின் நிர்வாகக் குழு இன்னும் பதில் போடவில்லை.